அட்டைக்கும் மார்க்கு!

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் எதைக் கண்டாலும் மார்க்குப் போடுவார்கள் என்று ஒரு பழி உண்டு. அந்தப் பழியில் உண்மையும் கொஞ்சம் உண்டு. பரீட்சைத் தாளுக்கு மார்க்குப் போடுகிறோம், கையெழுத்துக்குப் போடுகிறோம், ஒழுக்கத்துக்குக்கூடப் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால், கையகல அட்டை ஒன்றுக்கு ஒன்று முதல் பத்துக்குள் மார்க்குப் போட்டு, அந்த மார்க்கையும் அட்டையையும் சேர்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் வைத்து முத்திரையிட்டு, அதன் படத்தை உலகத்தார் பார்வைக்கு வைக்கலாம் என்ற யோசனை எங்களில் ஒருவருக்கும் உதித்ததில்லை. அமெரிக்க வியாபாரிகளுக்கு உதித்தது.

அந்த வழக்கம் இப்போது கடல் தாண்டிக் கடலூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சில வீடுகளில் பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் "பத்து", "ஒன்பது" என்று பேசிக் கொள்கிறார்கள். கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்கு என்று தாயார் மகிழ்ந்து போகிறாள். பிறகுதான் அது ஓர் அட்டை வாங்கிய மார்க்கு என்று தெரிகிறது. கார்டு என்றால் தபால் கார்டு, மிஞ்சினால் ரேஷன் கார்டு என்று எண்ணிக் கொண்டிருந்த பெரியவர்களுக்குத் திகைப்பாயிருக்கிறது. இது படிப்பைச் சேர்ந்ததா, சூதாட்டத்தைச் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் கொஞ்சம் உறவு உண்டு என்பதுதான் என் அபிப்பிராயம். எந்தப் பக்கம் சாய்வது என்பது வீட்டில் இருக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

அட்டை வந்த வழி

இந்த அட்டைகளின் பூர்வோத்தரம் அவ்வளவு புனிதமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட்டுப் பொட்டலம் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டை வீணாகப் போவானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். நாடகக்காரிகள், போர் வீரர்கள், பறவைகள், விளையாட்டுக்காரர்கள் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. வரிசையைப் பூர்த்தி செய்ய வேண்டுமென்ற ஆசையில் ஜனங்கள் சிகரெட்டு அதிகம் வாங்கினார்கள். பிறகு சிகரெட்டுக்குப் பதில் சவ்வு மிட்டாய் வந்தது. மிட்டாய்க்குப் பிறகு, அட்டையையே பொட்டலமாகக் கட்டி விற்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் 1996-இல் தோன்றிய போக்கிமான் அட்டைகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

நமக்கும் இது புதிதன்று. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய பிறகு, தீப்பெட்டிப் படம் பொறுக்காத தமிழ்ப் பையன் உண்டா? 1990-களில் பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் கார்டுகளையும், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளையும் சட்டைப் பையில் திணித்துக் கொண்டு திரிந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த அட்டைகளுக்கு ஒருவரும் மார்க்குப் போடவில்லை. மழையில் நனைந்தால் வெயிலில் காய வைத்தோம். முனை மடங்கினால் புஸ்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்தினோம். இரண்டு கொடுத்து ஒன்று வாங்கினோம்.

மார்க்குப் போடும் விதம்

1991-இல் அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. என்னும் கம்பெனி தோன்றி, அட்டைகளைப் பரிசோதித்து மார்க்கிடும் தொழிலைத் தொடங்கியது. பழைய நாணயங்களுக்கு இந்த ஏற்பாடு அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இருந்தது. பரிசோதகர் அட்டையில் முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். படம் நடுவில் அமைந்திருக்கிறதா? நான்கு முனைகளும் கூர்மையாயிருக்கின்றனவா? ஓரங்கள் வெளுக்காமலும் பிசிறில்லாமலும் இருக்கின்றனவா? மேற்பரப்பில் கீறலோ கறையோ மடிப்போ உண்டா? இவ்வளவும் பார்த்து, அட்டை அசல்தான் என்றும் தீர்மானித்து, மார்க்கும் வரிசை எண்ணும் அச்சிட்ட சீட்டுடன் பேழைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த அட்டையை விரலால் தொட முடியாது. தொட வேண்டுமானால் பேழையை உடைக்க வேண்டும். உடைத்தால் மார்க்குப் போச்சு.

இப்படி மார்க்கு வாங்கிய அட்டைகளுக்காக ஏற்பட்டவைதான் இணையப் பதிவேடுகள். ஒரு வரிசையில் நூறு அட்டைகள் உண்டு என்று வைத்துக் கொள்வோம். பதிவேட்டில் நூறு காலி இடங்கள் இருக்கும். உங்களிடமுள்ள பேழையின் எண்ணை எழுதினால் அந்த அட்டை தன் இடத்தில் போய் உட்காரும். முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து அங்கே பதிப்பிக்கலாம். நூற்றுக்கு எத்தனை பூர்த்தியாயிற்று, சராசரி மார்க்கு என்ன, உலகத்துச் சேகரிப்பாளர்களுக்குள் உங்களுக்கு எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் பதிவேடே கணக்கிட்டுச் சொல்லிவிடும். இதே அட்டைக்கு இதுவரை எத்தனை பத்து, எத்தனை ஒன்பது வழங்கியிருக்கிறார்கள் என்ற ஜனத்தொகைக் கணக்கையும் கம்பெனி வெளியிடுகிறது.

இதில் உள்ள நன்மையை மறைப்பது நியாயமாகாது. முன்னெல்லாம் சிற்றூரில் இருக்கும் சேகரிப்பாளன் பாடு பரிதாபம். அவனிடம் இருப்பதைப் பார்க்க ஆள் கிடையாது. பிறரிடம் இருப்பதைப் பார்க்க அவனுக்கு வழி கிடையாது. பரங்கிப்பேட்டையில் உள்ள பையனும் ஒஸாகாவில் உள்ள கிழவரும் இன்று ஒரே அட்டையின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மை அழுத்தமாக விழுந்தது எது, வெளிறிப் போனது எது என்று ஒப்பிடலாம். பார்க்கத் தெரிவதே ஒரு கல்வி.

என் வகுப்பில் ஒரு பையன் ஜியோமிதிப் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்துத் தன் அட்டையின் ஓரங்களை அளந்து கொண்டிருந்தான். இடப்புறம் 3 மில்லிமீட்டர், வலப்புறம் 2 மில்லிமீட்டர். மொத்தம் 5; ஆகவே 60-க்கு 40 என்றான். பத்து மார்க்கு வேண்டுமானால் முன்பக்கம் சுமாராக 55-க்கு 45 என்ற அளவுக்குள் இருக்க வேண்டுமாம். விகிதம் என்றால் என்ன என்று இரண்டு வாரம் நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதை அந்தப் போக்கிமான் ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிட்டது. எனக்கு அதில் பொறாமை உண்டானாலும், சந்தோஷமே அதிகம்.

எட்டு மார்க்கின் கதை

மார்க்கு என்பது மனிதன் போடுவது. அதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தத் தொழிலின் முதற் பக்கத்திலேயே ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது.

1909 முதல் 1911 வரையில் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசை ஒன்றில் ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை உண்டு. தம்முடைய படத்தை வெளியிட வாக்னர் ஆட்சேபித்ததால் அச்சிடுவது நின்று போயிற்று. சிறுவர்கள் தம்மைப் பார்த்துப் புகையிலை வாங்கக் கூடாது என்பதால் ஆட்சேபித்தார் என்பர் சிலர். பணம் போதவில்லை என்பர் வேறு சிலர். எப்படியாயினும், எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்று அதிசயிக்கத்தக்க வகையில் கூர்மையான முனைகளுடன் விளங்கியது. பி.எஸ்.ஏ. கம்பெனி எண் 1 என்ற முத்திரையுடன் முதன்முதலில் பேழையில் வைத்தது அந்த அட்டையைத்தான். மார்க்கு: 8. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 1991-இல் அதை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். கை மாறிக் கை மாறி 2007-இல் 28 லட்சம் டாலருக்குப் போயிற்று.

முனைகள் அவ்வளவு கூர்மையாயிருந்ததன் இரகசியம் 2013-இல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கிரெட்ஸ்கிக்கு முன் அந்த அட்டையை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்னும் வியாபாரி, அதன் பக்கங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஒப்புக் கொண்டார். ஏலத்தில் செய்த மோசடிக்காக 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வெட்டிய அட்டைக்கு மார்க்கே கிடையாது என்பது கம்பெனிகளின் சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டையே வெட்டிய அட்டையாக அமைந்தது! அதே வாக்னர் அட்டையின் மற்றப் பிரதிகள், முனை தேய்ந்து, கறை படிந்து, ஒன்றும் இரண்டுமாக மார்க்கு வாங்கியவை, யோக்கியமாகவே இருந்தன.

இந்தக் கதையிலிருந்து எல்லாப் பரிசோதகரும் ஏமாளிகள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பரிசோதனையால் எத்தனையோ போலிகள் பிடிபட்டிருக்கின்றன. மார்க்கைப் பார்த்த பிறகு அட்டையைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதே பாடம். ஜனத்தொகைக் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒன்பது வாங்கிய அட்டையைப் பேழையிலிருந்து எடுத்து, பத்து கிடைக்குமா என்று மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரே அட்டை கணக்கில் இரண்டு அட்டையாகி விடுகிறது. தோற்ற பரீட்சையை மறுபடி எழுதினால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுமா?

ஆறு மார்க்கின் வெட்கம்

அளவுகோல் பையனின் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய அட்டைகளில் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து அவன் சிற்றப்பா கொண்டு வந்தது. இரண்டு வருஷம் அதை வைத்து விளையாடியிருக்கிறான். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறான். சிற்றப்பாவே அதை மார்க்குக்கு அனுப்பி வைத்தார். சில மாதங்கள் கழித்துப் பேழை வந்தது. பதிவேட்டில் படம் போட்டாயிற்றா என்று கேட்டேன். தலையைக் குனிந்து கொண்டான்.

"ஆறுதான் ஸார் வந்தது" என்றான்.

மற்ற அட்டைகளின் படங்களெல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. அவை காசு கொடுத்து வாங்கின ஒன்பதும் பத்தும். அவனுடைய சொந்த விரல் பட்டுத் தேய்ந்த ஒன்று மட்டும் அலமாரிக்குள் கிடக்கிறது. அதைப் போட்டால் சராசரி குறைந்துவிடுமாம்.

எனக்கு இது அட்டை விஷயமாகத் தோன்றவில்லை. ஆறு மார்க்கு வாங்கிய பரீட்சைத் தாளைப் புஸ்தகப் பைக்கு அடியில் மறைத்து வைக்கும் குழந்தைகளை வருஷந்தோறும் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் கற்றுக் கொடுத்த அந்த வெட்கம் விளையாட்டிலும் புகுந்துவிட்டதே என்றுதான் வருத்தமாயிருந்தது. விளையாட்டுப் பொருள் விளையாடினால் தேயும். தேய்ந்ததற்காக அதை ஒளித்து வைக்கச் சொல்லும் பதிவேடு எவ்வளவு அழகாயிருந்தாலும், பாதி உண்மையைத்தான் உலகத்துக்குக் காட்டுகிறது.

தில்லையில் இரண்டு சேகரிப்புகள்

கடலூரிலிருந்து தெற்கே ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். வரிசையைப் பூர்த்தி செய்யும் ஆசைக்கும், தேய்ந்ததைப் போற்றும் பண்புக்கும் அங்கே பழைய சாட்சிகள் இருக்கின்றன.

நடராஜர் ஆலயத்துக் கோபுர வாயிலுக்குள் நுழையும்போது இருபுறமும் அண்ணாந்து பாருங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களும் சிறு சிறு கட்டங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்ன கரணம் இன்னது என்று சுலோகமும் சிலவற்றின் அருகே பொறித்திருக்கிறது. படமும் விவரமும் சேர்ந்த பதிவேடு என்றால் இதைக் காட்டிலும் வேறென்ன? தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே வரிசையைச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 கரணங்களுடன் நின்று போயிற்று. மீதி 27 கற்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. இணையப் பதிவேடானால் "நூற்றுக்கு 75 பூர்த்தி" என்று எழுதித் தஞ்சாவூரைத் தில்லைக்குக் கீழே தள்ளியிருக்கும். அதற்காகத் தஞ்சைச் சிற்பத்தைப் பார்க்க மாட்டோம் என்று யாராவது சொல்வோமா?

மற்றொன்று இன்னும் பெரியது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், இராஜராஜ சோழரும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறப்பித்தபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது என்றும், உமாபதி சிவாசாரியாரின் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அரித்தவை போக எஞ்சியவற்றையே எடுத்துத் தொகுத்தார்கள். இன்று நாம் ஓதும் 8,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் அப்படிக் கிடைத்தவை என்பது மரபு. முனை, ஓரம், மேற்பரப்பு என்று பார்த்து மார்க்குப் போட்டிருந்தால் அந்த ஏடுகளுக்கு ஒன்றுகூடத் தேறியிராது. எடுத்தவர்கள் ஏட்டின் முனையைப் பார்க்கவில்லை. அதில் எழுதியிருந்ததைப் படித்தார்கள். படித்ததைப் பிறருக்கும் கொடுத்தார்கள்.

தேவாரத்தையும் சிறுவர் அட்டையையும் ஒரு தராசில் வைப்பதாக யாரும் கோபிக்க வேண்டாம். சேகரிப்பின் தர்மம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்கிறேன். நம் காலத்திலேயே கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய புஸ்தகங்களுடன் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் முதலியவற்றையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ சர்வகலாசாலை வாங்கியது. அதைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று ஏற்பட்டது. மூலை கிழிந்த நாடக நோட்டீஸிலிருந்து ஒரு காலத்தின் சரித்திரத்தை எழுதுகிறார்கள். மார்க்குக் கிடைக்காத காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தை

பிள்ளைகளிடமிருந்து அட்டைகளைப் பிடுங்க வேண்டாம். அதே சமயம் பணப்பையையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம். மார்க்குக் கட்டணம் டாலரில் போகிறது; தபால், காப்பீடு, சுங்கம் எல்லாம் அதன்மேல் ஏறும். அட்டையின் விலையைவிட மார்க்கின் செலவு அதிகமாவது சர்வ சாதாரணம். விலையும் நிலையாக நிற்பதன்று. கொரோனா காலத்தில் ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே அட்டை வாங்கப் புறப்பட்டு விலை விண்ணை முட்டியது. வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. பிறகு பல அட்டைகளின் விலை இறங்கியது. ஏறும்போது வாங்கினவர்களை இறங்கும்போது யாரும் விசாரிப்பதில்லை.

பேழையோடு வாங்குவதானால் அதன் எண்ணைக் கம்பெனியின் வலைத்தளத்தில் சரி பாருங்கள். எண் சரியாயிருப்பது மட்டும் போதாது. பிறர் போட்ட படத்திலிருந்து அசல் எண்ணைத் திருடிப் போலிப் பேழையில் அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பழைய படம் இருந்தால் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுங்கள். நம் பிள்ளைகள் படம் போடும்போது வீட்டு விலாசம், பள்ளியின் பெயர், அலமாரியின் அடையாளம் எதுவும் அதில் விழ வேண்டாம்.

படத்தை நேர்மையாக எடுக்கச் சொல்லுங்கள். காலை வேளையில் ஜன்னலோர வெளிச்சம் போதும். பளபளப்பு விழாமல் சற்றுச் சாய்த்து, முன்பக்கம், பின்பக்கம், தேய்ந்த முனை எல்லாவற்றையும் எடுக்கட்டும். கீறலை மறைக்க வெளிச்சத்தைத் திருப்புவதும் அட்டையின் ஓரத்தை வெட்டுவதும் ஒரு குலத்தைச் சேர்ந்த காரியங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த அட்டை எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், எதற்குப் பதிலாக வாங்கினது, எந்த மழையில் நனைந்தது? மார்க்கைக் கம்பெனிக்காரன் போடுவான். இந்த இரண்டு வரியை உங்கள் பிள்ளை ஒருவன்தான் எழுத முடியும். ஐம்பது வருஷம் கழித்து யாராவது அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், பத்து வாங்கிய ஆயிரம் அட்டைகளைத் தாண்டி வந்து அந்த இரண்டு வரியில்தான் நிற்பார்கள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுக் குழந்தை கைபேசியை நீட்டி ஓர் அட்டையின் படத்தைக் காட்டும்போது, "இது எவ்வளவு பெறும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இது உன்னிடம் எப்படி வந்தது?" என்று கேளுங்கள். நல்ல கதை ஒன்று கிடைக்கும்.